தக்கை காணாமல் போன படகு

துபாயிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் என்ன வாசனை வரவேண்டும் என்று பாலக்கரையில் எங்கள் தெருவுக்கே தெரியும். சோப்பும் சென்ட்டும் பேரீச்சம்பழமும் உறை பிரிக்காத போர்வையும் கலந்த ஒரு பணக்கார வாசனை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமு கொண்டுவந்த பெரிய பெட்டியைத் திறந்தோம். குப்பென்று பூஞ்சை நாற்றம் அடித்தது. உள்ளே பழுப்பேறிய கனத்த துணி ஒன்று மடிமடியாக இருந்தது. அதன் அடியில் கயிறு, கப்பி, கொக்கி, ஆரஞ்சு நிறத்தில் உப்பலான சட்டைகள் சில. சேலை இல்லை. எனக்குப் பொம்மையும் இல்லை.

"என்னடா தம்பி இது, பந்தல் துணியா?" என்றார் அம்மா. மாமு அம்மாவின் தம்பி.

என் அப்பாவை நான் அத்தா என்பேன். அத்தாவுக்குப் பெரிய கடைவீதியில் தார்ப்பாய் தைக்கிற கடை. துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "சரக்கு நல்ல சரக்குதான் மச்சான்" என்றார். அவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார்.

அது பாய்மரப் படகின் பாய். மாமுவுக்குத் துபாயில் அதுதான் வேலை. பணக்காரர்களின் பாய்மரப் படகுகளைக் கழுவி, கயிறு மாற்றி, கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, 'சரியாக இருக்கிறது, ஏறலாம்' என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். முதலாளி குடும்பத்தோடு ஏறிப் போவார். மாமு கரையில் நின்று கயிற்றைச் சுருட்டுவார். முதலாளிக்கு வேண்டாமென்று போன பாயைத்தான் கேட்டு வாங்கி, மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார். வெறும் படகு ஒன்று, ஃபைபரில், எங்கோ மூடிப்போன படகுத்துறையிலிருந்து சகாய விலைக்கு வாங்க ஏற்பாடாகியிருந்ததாம்.

மாமுவின் மனைவி, எங்கள் மாமி, டீ போட எழுந்து போய்விட்டார். மாமுவுக்கு முகம் சுண்டிவிட்டது. சமையலறைப் பக்கம் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"இந்த தடவை உன்னைக் காவேரியில பாய்மரப் படகுல கூட்டிட்டுப் போவேன். அப்புறம்தான் பிளேன் ஏறுவேன். அதுவரைக்கும் போகமாட்டேன். அல்லா மேல சத்தியமா!"

"வந்ததும் வராததுமா சத்தியம் எல்லாம் எதுக்குடா?" என்று அம்மா வைதார்.

மாமி கதவோரம் எட்டிப் பார்த்து, "நெசமாவா?" என்று கேட்டார்.

"நெசமாத்தான்."

எங்கள் எல்லோர் காதிலும் படகுதான் விழுந்தது. மாமியின் காதில் என்ன விழுந்தது என்று யோசிக்க ஆளில்லை.

மாமுவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு சிநேகிதர். மேலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் அவருக்குத் தென்னந்தோப்பு. நான் அவரைத் தோப்பு மாமா என்பேன். படகு அங்கேதான் வந்து இறங்கியது. ஆடிப்பெருக்குக் கூட்டம் கலைந்து, காவேரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். அரியமங்கலத்துப் பட்டறையில் அலுமினியக் குழாயில் கம்பம் செய்து நட்டார்கள். பாயின் கிழிசல்களை அத்தா இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பமே ஒரு ஆட்டோவில் அடைந்துகொண்டு பாலம் தாண்டித் தோப்புக்குப் போய்விடுவோம்.

போனால் படகில் ஏறலாம் என்றுதானே நினைப்போம்? மாமு விட்டால்தானே! வெயிலிலும் உப்பிலும் கிடந்த கயிறு வெளியே பளபளக்கும், உள்ளே செத்துப்போயிருக்கும் என்று ஒவ்வொரு கயிற்றையும் முறுக்கு பிரித்து உள்ளே பார்ப்பார். தண்ணீர் இறைக்கிற பிளாஸ்டிக் மக்கைக்கூடப் படகோடு கயிறு போட்டுக் கட்டினார். கட்டாத மக் முதல் அலையிலேயே நம்மை விட்டுப் போய்விடுமாம். ஆரஞ்சு மிதவைச் சட்டைகளைச் சோதிக்க அத்தாவைப் பிடித்துப் பம்ப்செட் தொட்டியில் இறக்கினார். அத்தா நல்ல தாட்டியான ஆள். அவர் இறங்கியதும் பாதித் தண்ணீர் வெளியே போய்விட்டது. மீதித் தண்ணீரில் கைகால் விரித்து மிதந்துகொண்டு, "மச்சான், போதுமா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஏண்டா, தெப்போற்சவத்துக்குப் பெருமாளை எழுந்தருளப் பண்றச்சேகூட இவ்வளவு பார்க்கமாட்டாடா!" என்றார் தோப்பு மாமா.

"பெருமாளுக்கு நீந்தத் தெரியும்டா. இவங்களுக்குத் தெரியாதே" என்றார் மாமு.

சட்டை ஒவ்வொன்றிலும் ஒரு விசில் தொங்கியது. அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூன்று தடவை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். யார் ஊதினாலும், எதற்கு ஊதினார்கள் என்று கேட்காமல் படகு அந்த நிமிஷமே கரைக்குத் திரும்பவேண்டும். என்னிடம் ஒரு விசிலைக் கொடுத்து, "விளையாட்டுக்கு ஊதினே, தொலைச்சுப்புடுவேன்" என்றார். நான் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் ராணி மாதிரி நடந்தேன்.

ஆடிக்காற்றில் பாய் கட்டக்கூடாது என்று அந்த மாதம் போயிற்று. ஆவணியில் காற்று அடங்கி, அடுத்த ஞாயிறு படகை இறக்கலாம் என்று முடிவானது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தக்கை காணாமல் போனது.

படகின் பின்பக்கத்தில், அடியில், கட்டைவிரல் போகிற அளவில் ஒரு ஓட்டை இருக்கும். கரையில் கிடக்கும்போது மழைத்தண்ணீர் வடிய அதைத் திறந்து வைப்பார்கள். ஆற்றில் இறக்கும் முன் அதில் பித்தளைத் தக்கையைத் திருகி மூடவேண்டும். மறந்தால் படகு அடியிலிருந்து நிரம்பிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று மாமு அதை வீட்டிலேயே அலமாரியில் வைத்திருந்தார். அன்று காலை பார்த்தால் இல்லை.

"ஒரு ரப்பரைச் செதுக்கி அடிச்சு விடேண்டா" என்றார் தோப்பு மாமா.

"நடு ஆத்துல அது பிடுங்கிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்று மாமு மறுத்துவிட்டார். அரியமங்கலத்தில் லேத்துக்காரரிடம் புதுத் தக்கை கடையக் கொடுத்தார். லேத்துக்காரர் 'நாளைக்கு' என்று சொன்னால் அது எந்த நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. தக்கை வந்து சேர்ந்ததும் கம்பத்தைப் பிடிக்கிற கொக்கி காணாமல் போயிற்று. அது வந்ததும், படகைத் திருப்புகிற சுக்கானை மாட்டும் இரும்புப் 'பின்' காணாமல் போயிற்று. துபாயிலிருந்து ஃபோர்மேன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாமு காய்ச்சல் என்றார், அப்புறம் வீட்டில் காரியம் என்றார்.

"இவனை நம்பி அங்க எப்படித்தான் படகைக் குடுக்குறாங்களோ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் மாமுவைக் கேலி செய்தோம். அவரும் அசடு வழியச் சிரித்தார்.

ஒருநாள் அம்மா அரிசி வாங்கி வரச் சொல்லி மாமி வீட்டுக்கு என்னை அனுப்பினார். அதே தெருவில்தான் வீடு. நான் உள்ளே போனபோது மாமி அரிசி டின்னுக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தார். கையை எடுத்தபோது விரலில் கிரீஸ்; அரிசிக்கு மேலே இரும்புப் பின் ஒன்று பாதி தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாக டின் மூடியைத் தேடினார்.

"மாமி, அது சுக்கான் பின்தானே?"

"எனக்குத் தண்ணின்னா பயம்டி. யார்கிட்டயும் சொல்லாத, என் தங்கமில்ல?" என்று முறுக்கு ஒன்றைக் கையில் திணித்தார்.

பாவமாக இருந்தது. டின்னில் பார்த்த பின்னைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் பயந்தவரைப் படகில் ஏற்றலாமா? அதனால் அடுத்த ஞாயிறு தோப்பில் மாமுவின் பக்கத்தில் உட்கார்ந்து, மாமிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பதை மட்டும் சொன்னேன்.

"அவளுக்கா?" மாமு சிரித்தார். "அவ உய்யக்கொண்டான் வாய்க்கால்ல குதிச்சு வளர்ந்தவ. எனக்கே நீச்சல் சொல்லிக் குடுத்தவ அவதான்."

சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுபோனது. பிறகு கத்தியை எடுத்து, முந்தின வாரம்தான் வாங்கிய புதுக்கயிற்றை நடுவில் அறுத்தார்.

"மாமு, அது புதுசு!"

"இல்லடா, உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. மாத்தணும்."

அறுத்த இடத்தில் நானும் பார்த்தேன். இழைகள் வெள்ளைவெளேரென்று இருந்தன. பெரியவர்களுக்குக் கண் மங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் அத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஊருக்கு வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துவிடும். மச்சான் வேலையில்லாமல் நின்றால் அந்தக் குடும்பம் என்னாகும் என்று அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. யாரிடமும் சொல்லாமல் அரியமங்கலம் போய், லேத்துக்காரர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தக்கை, கொக்கி, பின் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு செய்து வாங்கி, தன் கடைப்பெட்டியில் பூட்டிவிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை படகு இறங்குது. செவ்வாக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு" என்று அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். நாங்களும்.

அன்று அம்மா பெரிய அண்டாவில் பிரியாணி செய்து தோப்புக்கே கொண்டுவந்துவிட்டார். மாமு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். தக்கையைத் திருகினார், எடுத்துப் பார்த்தார், மறுபடி திருகினார். கொக்கியை ஆட்டினார், பின்னைத் தட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் நிமிர்ந்து மாமியைப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு. ஏறலாம்" என்றார். முதலாளிகளிடம் சொல்வது போலவே சொன்னார்.

மாமி பர்தாவின் மேல் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். பாய் படபடவென்று அடித்து, பிறகு காற்று வாங்கி வயிறு உப்பியது. அடேயப்பா, அந்தப் பழுப்புத் துணியா அது! மாமு ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் கயிறுமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்படியொரு அழகோடு அவரை நான் பார்த்ததே இல்லை. தோப்பு மாமா "ரங்கா, ரங்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நடு ஆற்றுக்குப் போனதும் மாமு பாயை இறக்கிவிட்டார். நங்கூரம் போட்டார் போலிருக்கிறது, படகு அப்படியே நின்றது. ஓட்டவும் இல்லை, திரும்பவும் இல்லை. இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில்.

"என்ன ஆச்சு? கம்பம் உடைஞ்சிருச்சா?" என்றார் அத்தா. இல்லை என்று தெரிந்ததும், "நேரமாச்சு, மச்சான், வாங்க!" என்று கையை ஆட்டினார். அம்மாவும் கூப்பிட்டார். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ பசியான பசி. மசாலா வாசனை மூக்கைத் துளைக்கிறது, அவர்கள் வராமல் மூடியைத் திறக்கக்கூடாது என்கிறார் அம்மா.

"விசிலை ஊதுடி" என்றார் அத்தா.

அந்த அனுமதிக்காகத்தானே அத்தனை மாதம் காத்திருந்தேன்! மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை ஊதினேன். நடு ஆற்றில் மாமு உடனே எழுந்தார். பாயை ஏற்றினார். சட்டம் போட்டவராயிற்றே!

கரை சேர்ந்ததும் "யாருக்கு என்ன?" என்று பதறிக்கொண்டு குதித்தார். "ஒண்ணுமில்ல மச்சான், சோறு ஆறிப்போகுது" என்றார் அத்தா. மாமு என் கழுத்திலிருந்த விசிலைப் பார்த்தார். திட்டவில்லை. மாமி சட்டையைக் கழற்றிவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தார். "எல்லாருக்கும் கறி வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். செவ்வாய்க்கிழமை மாமு பிளேன் ஏறினார்.

பிறகு அவர் வந்த லீவெல்லாம் கோடையில் அமைந்தது. காவேரி மணலாகக் கிடந்தது. நான் கல்லூரியில் இருந்தபோது மாமிக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து மவுத்தாகிவிட்டார். அடக்கத்துக்கு மாமுவால் வந்து சேர முடியவில்லை. அதற்குப் பிறகுதான் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அவர்கள் சேர்ந்திருந்த லீவையெல்லாம் கூட்டினால் இரண்டு வருஷம்கூடத் தேறாது என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதார்.

அவர் வந்த வாரம் சமையலறையை ஒழிக்க நானும் போயிருந்தேன். அரிசி டின்னைக் கவிழ்த்தபோது பித்தளைத் தக்கையும் கொக்கியும் பின்னும் விழுந்தன. துருவும் களிம்பும் ஏறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார் மாமி. மாமு அவற்றைப் பார்த்தார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் முகமாக அது இல்லை. எடுத்துத் திரும்ப டின்னுக்குள் போட்டு, மேலே அரிசியைக் கொட்டி மூடினார்.

அத்தாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்டி" என்று சில சமயம் சம்பந்தமில்லாமல் சொல்வார். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். படகில் ஏறினால் அவர் பிளேன் ஏறிவிடுவார் என்று தெரிந்த ஒருத்தி மாதக்கணக்கில் அதை ஆற்றில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டாள். அது தெரிந்தும் தெரியாததுபோல ஒருவர் புதுக்கயிற்றை அறுத்தார். எல்லாம் தீர்ந்து ஏறியாகிவிட்ட பிறகு, மிச்சமிருந்தது நடு ஆற்றில் பாயை இறக்கி உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். அதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரியாணி ஆறிப்போகிறதே என்றுதான் கவலையாக இருந்தது.