இரண்டாவது ட்ராக்

தாம்பரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் நான் வேலை பார்த்தபோது, ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். நரைத்த தாடி, கசங்காத சட்டை. நான் பேசுவதை விரல்களால் மேஜையில் தாளம் போட்டபடியே கேட்பார்.

“வீட்ல கிட்டார் ரெக்கார்ட் பண்ணணும் சார். எந்த சவுண்ட் கார்டு வாங்கலாம்?”

“கிட்டார் மட்டும்னா ஒரு இன்புட் போதும் சார்.”

“இல்ல, ரெண்டு வேணும். நான் வாசிப்பேன், வொய்ஃப் பாடுவாங்க. திங்கக்கிழமை அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன். அப்புறம் குரல் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

இரண்டு இன்புட் உள்ள கார்டும் ஒரு மைக்கும் கொடுத்தேன். அவருடைய லேப்டாப்பில் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றி, கிட்டாரை ஒரு ட்ராக்கிலும் குரலை இன்னொரு ட்ராக்கிலும் தனித்தனியாகப் பதிவு செய்யக் கற்றுக்கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அதே லேப்டாப்போடு வந்தார்.

“அவங்க பாடல சார். பின்னாடி அதைக் கேட்டா தாங்க முடியாதுன்னுட்டாங்க. நான் மட்டும்தான் வாசிச்சேன். ரெண்டாவது ட்ராக் காலி. அதை எப்படி அழிக்கறது?”

அழிக்கும் முன் ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். மைக் அணைக்கப்படாமலே இருந்திருக்கிறது. தூரத்தில் கிட்டார் ஒலித்து, பாதியில் நின்றது. உடனே மிக அருகில் ஒரு பெண் குரல்: “நிறுத்தாதீங்க, வாசிங்க. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். மூன்று முறை கேட்டார். பிறகு வாசலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் ரோட்டைப் பார்த்து நின்றார்.

“அழிக்க வேணாம் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குரலை மனைவிக்குப் போட்டுக் காட்டினாரா, தனியாகக் கேட்டுக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.