மர வரிசையில் நின்றவர்

நான் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் என்னோடு காய்கறிப் பெட்டி இறக்கியவர் மோல்டோவாக்காரர். நெடிய உடம்பு, நரைத்த மீசை, ஜாக்கெட்டுக்குள் எப்போதும் மடித்து வைத்த ஒரு வலைப்பை. எங்கே வரிசையைக் கண்டாலும், என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்காமலே கடைசி ஆளாகப் போய் நின்றுவிடுவார். கம்யூனிஸ்ட் ஆட்சியில் பழகியது அது. முதலில் இடம் பிடிக்க வேண்டும், விசாரணையெல்லாம் பிறகு.

அந்த டிசம்பர் காலையில் ஊரிலிருக்கும் தாயோடு ஃபோனில் பேசி முடித்தவர், பெட்டியைப் போட்டுவிட்டு ஒரு வரிசையில் போய் நின்றார். கிறிஸ்துமஸ் மரம் வாங்குகிறவர்களின் வரிசை. நான் ஓடிப்போய் என் அரைகுறை பிரெஞ்சில் கூப்பிட்டேன்.

"வாங்கோ அண்ணை, முதலாளி பாக்கிறார்."

அவர் அசையவில்லை. அவர் சொன்ன பிரெஞ்சு எனக்கு எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"காஸ் விலை ஏறினதாலை அம்மா ஹீட்டர் போடுறேல்லை. அலுமாரியை உடைச்சு அடுப்பிலை எரிச்சுப்போட்டா. கம்யூனிஸ்ட் ஆட்சி போகவேணும் எண்டு அண்டைக்குச் சதுக்கத்திலை நிண்டு கத்தினவா. இண்டைக்கும் அங்கைதான் நிக்கிறா. இந்த ஆட்சியும் போகவேணுமாம்."

"பேந்து எது வரவேணுமாம்?"

"அது அவவுக்குத் தெரியேல்லை. குளிருது எண்டு மட்டும் சொன்னா."

அவருடைய முறை வந்தது. எந்த மரம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

"எது கனநேரம் எரியும்?" என்றார் அவர்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வலைப்பையை விரித்துப் பிடித்தபடியே நின்றார். அவரை வேலைக்கு இழுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன்.