செவலையின் இடது முன்னங்கால்

நெய்வேலியில் குதிரையா என்று சிரிப்பார்கள் என்பதால் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் சித்தப்பாவிடம் ஒன்று இருந்தது. அவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் இல்லாத நாட்களில் அந்தச் செவலை நிறப் பெண்குதிரையில் கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பிளாக் பிளாக்காகச் சவாரி விடுவார். குதிரை வந்த நாளிலிருந்து அவரே மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார் என்பது சித்தியின் குறை. அம்மா இல்லாத நான் அவர்களிடம் வளர்ந்தேன். மனிதர்களிடம் வாய் திறக்க மாட்டேன். பேசுவதெல்லாம் செவலையிடம்தான்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், கார்த்திகைக் கடைசியில், கம்மாபுரம் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்து சித்தப்பா குறுக்குவழியில் திரும்பினார். சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டி வைத்த மேடு அது. அதற்கு அடியில் முன்பு ஓர் ஊர் இருந்ததாம். அங்கே செவலையின் இடது முன்னங்கால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

“கீழேர்ந்து யாரோ காலைப் புடிச்சி இழுத்த மாதிரி இருந்திச்சி” என்றார் வீடு வந்த சித்தப்பா, வேர்த்த முகத்தோடு.

“யாரோ இன்னா யாரோ? ஊரோட சுடுகாட்டையும் போட்டு மூடுனாங்களே, அதுங்கதான்” என்றாள் சித்தி.

மறுநாள் கால்நடை டாக்டர் வந்தார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர். செவலையைத் தார்ரோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார், பிறகு மணலில். மணலில்தான் அதிகம் நொண்டியது. காலை மடக்கித் தூக்கி, எலும்பின் பின்பக்கம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினார். ஓர் இடத்தில் செவலை உடம்பெல்லாம் நடுங்கிக் காலைப் பிடுங்கிக்கொண்டது. என் கையை எடுத்து இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றி வைத்தார். இடது கால் வெயிலில் கிடந்த கல் போலச் சுட்டது.

“எலும்பு முறியலை. அதை ஒட்டி ஒரு நார் இருக்கு, லிகமென்ட்டுன்னு பேரு. பாதத்தைத் தாங்குறதே அதுதான். அது கிழிஞ்சிருக்கு. யாரும் புடிச்சி இழுக்கலைம்மா” என்று சித்தியைப் பார்த்துச் சிரித்தார். “காலையும் சாயந்தரமும் இருபது நிமிஷம் ஓடுற தண்ணியில நிக்க வைங்க. சூடு இறங்கணும். சவாரிக்கு ஆறு மாசம் ஆகும். ஆனா பதினஞ்சு நாள்ல வீக்கம் வடிஞ்சிட்டா கால் தேறிடும்.”

“வடிஞ்சா வெச்சிக்கிறேங்க. இல்லன்னா புரோக்கரத்தான் வரச் சொல்லணும்” என்றார் சித்தப்பா. நொண்டிக் குதிரைகளைப் புரோக்கர் எங்கே கொண்டுபோகிறார் என்று நான் கேட்டதற்கு, “தோட்டத்துல மேயும்” என்றாள் சித்தி, என் முகத்தைப் பார்க்காமல்.

ஓடுகிற தண்ணீர் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சுரங்கத்துக்கு அடியில் ஊறுவதை மோட்டார் வைத்து இழுத்து வெளியே விடும் வாய்க்கால். அது எப்போதும் வெதுவெதுவென்றுதான் வரும். குளிப்பதும் துவைப்பதும் அதில்தான். தண்ணீர் என்றால் எங்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

சித்தப்பா ஷிப்டுக்குப் போய்விட, செவலை என் பொறுப்பு. மார்கழி விடியலில் வாய்க்கால் முழுக்க ஆவி பறக்கும். அக்கரை தெரியாது. சுரங்க இயந்திரங்களின் முனகல் மட்டும் தரைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். செவலை காதுகளைத் தண்ணீரின் பக்கம் திருப்பி, பாதிக் கண் மூடி, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல நிற்கும். என் கெண்டைக்காலைச் சுற்றித் தண்ணீர் உள்ளங்கை மாதிரி இதமாக அழுத்தும். ஒருநாள் சட்டென்று புரிந்தது: இதுவும் அடியிலிருந்துதானே வருகிறது. அன்று இழுத்தவர்கள் இன்னும் பிடியை விடவில்லை.

தண்ணீருக்குள் இருக்கும்வரை செவலைக்கு வலி தெரியாது. கரையேறினால் முந்தின நாளைவிட அதிகம் நொண்டும். கால் நாளுக்கு நாள் தடித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதுங்களுக்குக் கேட்டுவிடும்.

பதினைந்தாம் நாள் டாக்டர் வந்து காலைப் பார்த்தார். முகம் மாறியது. நேராக வாய்க்காலுக்கு நடந்தார். கையை உள்ளே விட்டவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“இது வெந்நி மாதிரி இருக்கே!”

“ஓடுற தண்ணின்னுதானங்க சொன்னீங்க?” என்றார் சித்தப்பா.

டாக்டர் கையைத் துடைக்கக்கூட இல்லை. “குளிர்ந்த தண்ணின்னு சொல்லாம வுட்டேன். என் தப்புதான்” என்றார் மெதுவாக. அடியிலிருந்து இழுக்கும் அந்தக் கையை அவரும் தொட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

புரோக்கரின் வண்டி வந்த காலையில் கட்டுத்தறியில் செவலை இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வாய்க்காலில், ஆவிக்கு நடுவே நின்றிருந்தது. சித்தப்பா இழுத்தார். புரோக்கர் அதட்டினார். அசையவில்லை.

“பாத்தியா, வுட மாட்டேங்குதுங்க” என்று சித்தி தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இறங்கினேன். தண்ணீருக்குள் கைவிட்டு அந்தக் காலைப் பிடித்தபடி, கீழே இருப்பவர்களிடம் வாழ்க்கையில் முதல்முறையாக அதட்டிப் பேசினேன்.

“வுட்டுடுங்க. இது எங்க வூட்டுக் குதிர.”

செவலை காலைத் தூக்கியது. மூக்கை என் தோளில் உரசிக்கொண்டு, நொண்டி நொண்டி என் பின்னாலேயே வந்தது. நான் வண்டிப் பலகையில் ஏறினேன், அதுவும் ஏறியது.

“இந்தப் பொண்ணு மட்டும் இல்லன்னா இன்னிக்கு வேல ஆயிருக்காது” என்றார் புரோக்கர். சித்தப்பா வேறு பக்கம் திரும்பி நின்றார்.

நான் இறங்கிக்கொண்டதும் வண்டி கிளம்பியது. நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். உள்ளேயிருந்து செவலை பலகையை ஓங்கி ஓங்கி உதைக்கிற சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது. கால் சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.