மாம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்த பூ

2024 ஜூன் முதலாம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். பதினொரு பாகை, மழை இல்லை, ஆனால் நம்ப முடியாத வானம். நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு நிலவறைக் கதவைத் திறந்த மனைவி அங்கேயே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, பூவெல்லாம் சுருண்டு போட்டுது."

அன்று ஒரு மணிக்கு நகரசபையில் மகளுக்குப் பதிவுத் திருமணம். கூறையும் நகையும் ஆகஸ்ட் மாதக் கோயில் கலியாணத்துக்கு. இதற்கு ஒரு வெள்ளை உடுப்பும், ஹவாய்க்காரர் புதுப்பூவில் கட்டித் தலையில் வைக்கும் கிரீடமும் போதும் என்றிருந்தாள். பூக்கடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் குரோனர் கேட்டார்கள். நான் வாய் திறக்கு முன்பே, "அம்மா கட்டினாத்தான் வைப்பன்" என்று முடித்துவிட்டாள். மனைவி இரண்டு வாரம் தொலைபேசியில் காணொளி பார்த்துப் புல்லில் கட்டிப் பழகினாள்.

முதல்நாள் வாங்கிய நாற்பது கார்னேஷன் பூக்களையும், குளிர்ந்த இடம் என்று நிலவறையில் வாளித் தண்ணீரில் வைத்திருந்தோம். பக்கத்தில் விருந்தாளிகளுக்கான மாம்பழப் பெட்டி. பழுக்கும் பழம் விடுகிற வாயு பூவை வாட்டும். வாழைக்குலையைப் புகைபோட்டுப் பழுக்க வைத்த ஊர்க்காரரான நாங்கள் இருவரும், மாம்பழம் நல்ல வாசம் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

"கடை பத்துக்குத்தான் திறக்கும். போய்வர ஒன்றரை மணித்தியாலம். கட்ட மூண்டு..."

"ஸ்லாப் ஆவ், அப்பா," என்றாள் படியில் நின்ற மகள், சும்மா இரும் என்ற தொனியில். "நீங்கள் எண்ணுறதை நிப்பாட்டினா அம்மா யோசிப்பா."

அம்மா யோசித்து முடித்து, கத்தரிக்கோலுடன் வேலியடியில் நின்றாள். அடுத்த வீட்டு நோர்வேஜிய மூதாட்டியின் லைலாக் மரம் ஊதாவாய்ப் பூத்துக் கிடந்தது. கோப்பியோடு முற்றத்தில் இருந்தவர், சுருண்ட கார்னேஷனைப் பார்த்தார். எத்தனை மணிக்குத் திருமணம் என்று கேட்டார். உள்ளே போய் ஏணியைக் கொண்டுவந்தார். ஏணி ஆடுகிறதே என்று நான் பிடித்துக்கொண்டேன்.

பன்னம் என்கிற பெரணி இலை வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் கிடைத்தது. லைலாக்கை இலை களைந்து குளியல்தொட்டியில் ஊறவிட்டு, மனைவி குசினி மேசையில் இருந்தாள். பின்னிய நார்தான் அடித்தளம். பன்னம் நுனி ஒன்று, பூ இரண்டு கொத்து; அதை நாரோடு சேர்த்துப் பிடித்து நூலால் மூன்று சுற்று. முடிச்சு கிடையாது. ஆனால் மாலை கட்டிப் பழகிய கை தானாக முடிச்சுப் போட்டது. நாலு கொத்தில் நார் விறைத்து, வளைய மறுத்தது.

"முடிச்சுப் போடாட்டி இந்தக் கை பயப்பிடுது," என்று சொல்லிக்கொண்டே நாலையும் அவிழ்த்தாள்.

பிறகு நூல் ஒருதரமும் தளரவில்லை. பெருவிரல் ஒரு கொத்தை அமர்த்தும். அடுத்த கொத்து அதன் காம்பை மூடும். முப்பத்துநாலு கொத்து. ஒரு காம்பாவது வெளியே தெரிகிறதா என்று தேடினேன், இல்லை. இரண்டு முனையையும் சேர்க்காமல், தலைக்குப் பின்னால் கட்ட நாடா வைத்துவிட்டாள்.

"முடிச்சில்லை. காத்துக்குக் கழண்டு போகும்," என்றேன்.

"இழுத்துப் பாருங்கோ."

இழுத்தேன். என் விரல்தான் சிவந்தது.

மகள் வைத்துக்கொண்டு, "அம்மா, பாரமே இல்லை" என்றாள். மனைவி மேசையில் கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளினாள். மணி பதினொன்று ஐம்பது.

நகரசபைப் படியில் கடற்காற்று. என் தொப்பி பறந்து போய் மூன்றாம் படியில் விழுந்தது. மகளின் தலையில் ஒரு பூவும் அசையவில்லை. யார் செய்தது என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் மனைவியைக் காட்டினேன். மூன்றாமவர் கேட்கவில்லை, அவருக்கும் காட்டினேன்.

பூவுக்கு மூதாட்டி காசு வாங்கவில்லை. மாம்பழப் பெட்டியை அப்படியே கொடுத்தோம். விருந்தாளிகளுக்குக் கேக் மட்டும்தான். கார்னேஷன் 520, நாரும் நாடாவும் 78, மாம்பழம் 149. ஆக மொத்தம் 747 குரோனர்.