மூச்சுப் பார்த்த புறங்கை

விருதுநகரில் நுரையீரல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது எனக்குப் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பட்டாசு கம்பெனியில் வேலை. தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் வெடிமருந்தின் வெள்ளிப்பொடி மின்னியது. பேச்சுக்கு நடுவிலும் எட்டு வயது மகளின் மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ ஏழாம் மாசத்துலயே பெறந்துட்டா. நுரையீரல் முழுசா வளரலையாம். இப்ப ஓட்டப்பந்தயத்துல ஓடணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. ஊதச் சொல்லிப் பாத்துட்டுத்தான் டாக்டர் முடிவு சொல்லுவாகளாம்."

டாக்டர் அவர்களை உள்ளே அழைத்தார். கதவு திறந்தே கிடந்தது. மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயை மகள் வாயில் வைத்ததும் அம்மா சட்டென்று பின்னால் போய், காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார். கம்பெனியில் புது வெடியைக் கொளுத்திப் பார்க்கும்போது நிற்பார்களே, அப்படி! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழாயின் முள் சர்ரென்று ஏறியது!

"போன தடவைய விட நல்லா ஊதுறா. ஓடட்டும். மூச்சு இளைச்சா நின்னுரணும். வருஷா வருஷம் வந்து ஊதிக் காட்டணும்" என்றார் டாக்டர்.

காதைப் பொத்தியிருந்த அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்து, "ஓடலாமாம், அம்மா!" என்று கத்தினாள்.

"நெசமாவா சொன்னாக?"

கேட்டபடியே பழக்கத்தில் புறங்கையை நீட்டினார். அங்கே மூக்கு இல்லை. மகள் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடியிருந்தாள். வெறும் காற்றில் நீட்டிய அந்தக் கையை மடக்கத் தோன்றாமல் அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.