ஃபிரேம் போட்ட முதலுதவி

தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். முதலுதவிச் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர் என்று ஒரு கம்பெனி சொல்லிவிட்டது. பயிற்சி தர ஒரு நர்ஸம்மாவைக் கேட்டேன்.

"முதல்ல உங்க பட்டறையைப் பாக்கணும்" என்றார். இன்னொருவரோ, "ஒரு மணி நேரம் போதும் சார், சர்டிபிகேட் ஃபிரேமோட வரும்" என்றார். நான் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுவாரம் தோல் வெட்டும் கத்தி என் விரலைப் பதம் பார்த்தது. ரத்தத்தைக் கண்டதும் தையல்காரன் பேச்சிமுத்து பாய்ந்து வந்து, என்னைத் தரையில் சாய்த்து, நெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றினான்.

"ஏல, வெட்டுனது விரலைத்தாம்ல!" என்று அலறினேன்.

"தெரியுது அண்ணாச்சி. நமக்கு இதைத்தான சொல்லிக் குடுத்தாவ? அசையாம கிடங்க!"

பட்டறையே சேர்ந்து "ஏக், தோ, தீன்" என்று எண்ணியது. நான் உதறி எழுந்த வேகத்தில் சுவரிலிருந்த சான்றிதழ் விழுந்து கண்ணாடி உடைந்தது. அதை அப்படியே திரும்ப மாட்டினேன்.

அடுத்த நாள் நர்ஸம்மாவை வரவழைத்தேன். எங்களுக்கு எதைக் கற்றுத்தருவது என்று முடிவு செய்ய, பட்டறையில் கையைக் கிழிக்கக்கூடியவற்றை ஒரு பட்டியலாக எழுதினார். கத்தி இரண்டாவதாக இருந்தது. முதலில் இருந்தது நான் ஆசைப்பட்டு வாங்கிய அந்த ஃபிரேம்.