செபஸ்தியானின் காந்தம்

‘டக்’கென்று ஒரு சத்தம். என் மனைவி ஃபிரிட்ஜில் ஒரு குட்டித் தேயிலைக் கொழுந்துக்கூடையை ஒட்டினாள். களிமண்ணில் செய்து, பின்னால் காந்தம் பதித்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் கையால செஞ்சதுங்க. நீங்களும் இருக்கீங்களே."

என் மச்சினியின் கணவன் செபஸ்தியான், றக்வானைத் தோட்டத்தில் எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டுக்காரன். பத்து வயதிலேயே என் வயிற்றெரிச்சல் அவன்தான். ஒரு நத்தாருக்கு அவன் செய்த பாலன் இயேசு குடிலில் மண் ஆடுகள் நடந்தன. ஆட்டின் வயிற்றில் குண்டூசி, குடிலின் அட்டைத் தரைக்குக் கீழே அவன் நகர்த்திய, உடைந்த ரேடியோவின் காந்தம். அம்மாவே பார்த்துவிட்டு வந்து, "அவன் ஆடு நடக்குது. ஒன் ஆடு செத்துல்ல கெடக்கு" என்றார்.

அன்று இரவே காந்தத்தைத் திருடிவிட்டேன். வாசலில் அப்பாவின் இருமல் கேட்டதும், அவர் கைக்கடிகாரம் வைக்கும் மேசைத்துணிக்கு அடியில் செருகினேன். விடிவதற்குள் கடிகாரம் நின்றுவிட்டது. அதை நம்பிப் படுத்திருந்த அப்பா, பெயர் பெற்ற கங்காணி, காலையில் ஆட்களை எண்ணும் பெரட்டுக்கு ஓடியபோது ஆட்கள் மலையேறியிருந்தார்கள். திரும்பி வந்து கடிகாரத்தைத் தூக்கினார். மேசைத்துணியும் அடியிலிருந்த காந்தமும் கூடவே வந்தன.

"இது எப்பிடிடா இங்க வந்துச்சு?"

"தானா ஒட்டிக்கிச்சுப்பா."

அன்று நான் ஓடிய ஓட்டத்தைச் செபஸ்தியானின் ஆடுகள்கூட ஓடியதில்லை.

"ஏங்க, இங்க இருந்த கூடை எங்க?" மனைவியின் குரல்.

ஒன்றும் தெரியாதவன்போல் ஃபிரிட்ஜில் சாய்ந்தேன். என் சட்டைப்பை ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது.